தலைமன்னார் மணல் தீடைகளுக்குப் போக: கடதாசி, காசு, காற்று

புதுக்குடியிருப்பிலிருந்து தலைமன்னாருக்கு மூன்று தடவை வான் பிடித்துப் போனோம். தீடை என்றால் கடலுக்குள் திட்டாகக் கிடக்கும் மணல்மேடு; நான் சொல்வது ஆதாம் பாலத்தில் எங்கள் பக்கத்துத் தீடைகளை. அந்த மணலில் கால் பட்டது மூன்றாவது தடவைதான். முதல் தடவை ஆவணி மாதம். கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது, கையில் ஒரு கடதாசியும் இல்லை. கரையில் நின்று பார்த்துவிட்டுப் பேசாலையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். இரண்டாவது தடவை கடதாசி இருந்தது, காற்று விடவில்லை. மூன்றாவது தடவை மாசியில்தான் எல்லாம் பொருந்தி வந்தது.

போய்வந்த படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் ‘யாரைப் பிடிச்சுப் போனீங்கள்?’ என்றுதான் கேட்கிறார்கள். யாரையும் பிடிக்கத் தேவையில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கு தெரிந்தால் போதும். நான் அந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்து பட்டதால் இதை எழுதுகிறேன். வன்னியிலிருந்து குடும்பமாகவோ பாடசாலைப் பிள்ளைகளோடோ போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள், திகதியைப் பிறகு பாருங்கள்

எல்லோரும் விழும் குழி இதுதான். வெளிநாட்டுச் சொந்தங்கள் வருவது ஆடி, ஆவணியில். நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுப் பெருவிழா, அங்கத்தைய பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் அப்போதுதான். தீடைக்குப் போக ஆகாத காலமும் அதே காலம்தான்.

இரண்டு காரணம். ஒன்று, வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) புரட்டாதி வரை மன்னார்க் கடலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். தலைமன்னார்க் கரையில் நின்றால் மணல் கன்னத்தில் ஊசி போலக் குத்தும். இரண்டு, ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் தீடைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் ஏறக்குறைய இதே மாதங்களில். அந்த நேரம் மனிதர் கால் வைக்காமல் இருப்பதே நல்லது. அனுமதி கேட்டால் கிடைக்கும் என்று நம்பி ரிக்கற் போட்டுக் கனடாவிலிருந்து வர வேண்டாம்.

கார்த்திகை, மார்கழி வாடைக் (வடகிழக்குக்) காற்றுக் காலம். மழையும் தாழமுக்கமும் மாறி மாறி வரும். ஆகவே மிச்சம் இருப்பது தை பிற்பகுதி தொடக்கம் பங்குனி, சித்திரை வரை. அதிலும் மாசி, பங்குனி திறம். ஒரு கவனம்: சிவராத்திரி வாரத்தில் திருக்கேதீச்சரத்துக்கு வரும் சனத்தால் மன்னார் நகரில் அறை கிடைக்காது, வான் கூலியும் ஏறிவிடும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டு திகதி தெரிவு செய்யுங்கள். முதல் திகதி ஒன்று, காற்று மறித்தால் மாற்றுத் திகதி ஒன்று. இரண்டையும் கடிதத்தில் எழுதவேண்டும். நான் ஒன்றை மட்டும் எழுதியதால்தான் இரண்டாவது தடவை வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த நாள் கடல் குளம் மாதிரிக் கிடந்தது, என் கடிதத்தின் திகதி முடிந்துபோயிருந்தது.

2. நீங்கள் போவது சரணாலயம் அல்ல, தேசிய பூங்கா

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் முழு விதியும் இதில்தான் தொங்குகிறது. ஆதாம் பாலம், இராமர் அணை, சேது என்று நாங்கள் எந்தப் பெயரில் சொன்னாலும், எங்கள் பக்கத்துத் தீடைகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 2015 முதல் கடல்சார் தேசிய பூங்கா. சரணாலயம் என்றால் அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், வீதியும் இருக்கலாம், நீங்கள் அனுமதி இல்லாமல் போய்வரலாம். மன்னார் நகருக்குப் போகும் வழியில் உள்ள வங்காலைச் சரணாலயம் அப்படித்தான். தேசிய பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே குற்றம். அனுமதி தருவதும் உயிரினங்களையும் தாவரங்களையும் பார்ப்பதற்கு மட்டும். ‘சும்மா குளிச்சிட்டு வருவம்’ என்பது அந்தச் சட்டத்தில் இல்லாத காரணம்.

‘வங்காலையில ஒருத்தரும் மறிக்கேல்லையே’ என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு. நானும் முதல் தடவை அப்படித்தான் வாதாடினேன்.

3. பெயர்ப்பட்டியல்: ஒரு எழுத்தும் பிசகக் கூடாது

வேறு எதைத் தொடங்குவதற்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் எல்லோருடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, முகவரி. பெயர் ஐசியில் (அடையாள அட்டையில்) எப்படி இருக்கிறதோ அப்படியே. வீட்டில் கூப்பிடும் பெயர், கலியாணத்துக்குப் பிறகு மாற்றிய பெயர், எண்சாத்திரம் பார்த்துக் கூட்டிய எழுத்து ஒன்றும் வேண்டாம். பழைய ஐசி ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு புதிய இலக்கத்தை எழுதாதீர்கள். கரையில் அட்டையையும் தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

அடையாள அட்டை எடுக்காத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி வையுங்கள். பாடசாலையாகப் போவதென்றால் அதிபரின் கடிதம், அதில் பிள்ளைகளின் பெயர், பொறுப்பாசிரியரின் பெயரும் ஐசி இலக்கமும், பெற்றோர் சம்மதக் கடிதங்கள். ஐசி தொலைந்தவர் இருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதமும். எங்கள் பக்கத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடதாசி தொலைக்காத வீடு இல்லை. ஆகவே இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஜீஎஸ் (கிராம அலுவலர்) கந்தோரில் இல்லாத நாளில்தான் நீங்கள் போய் நிற்பீர்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பட்டியல். கடவுச்சீட்டின் விபரப் பக்கமும் விசாவின் பிரதியும் இணைக்கவேண்டும். போகும் நாளில் அசல் கையில் இருக்கவேண்டும். சித்தப்பா அசலைப் பத்திரமாக வீட்டு அலுமாரியில் பூட்டிவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பத்திரம் நல்லது, ஆனால் அலுமாரி புதுக்குடியிருப்பில் இருந்தது.

பட்டியலை நான்கு பிரதி எடுங்கள். தமிழில் எழுதலாம், வடக்கில் நிர்வாக மொழி தமிழ்தான், அதற்காக யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. ஆனாலும் கரையில் காவலில் நிற்கும் தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி கூடவே வைத்தால் உங்களுக்கு அரைமணி நேரம் மிச்சம்.

4. வள்ளத்தைப் பேசிவையுங்கள், ஆனால் முற்பணம் கொடுக்காதீர்கள்

இங்கே ஒரு வட்டம் இருக்கிறது. அனுமதி கேட்கப் போனால் ‘எந்த வள்ளம்?’ என்று கேட்பார்கள். வள்ளக்காரரிடம் போனால் ‘அனுமதி இருக்கோ?’ என்று கேட்பார். நான் ஒரு முழு நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடினேன்.

வட்டத்தை வெட்டும் இடம் வள்ளம்தான். தலைமன்னாரில் பயணிகளை ஏற்றிப் பழகிய ஒரு ஓட்டியையோ சம்மாட்டியையோ (வள்ளச் சொந்தக்காரரையோ) முதலில் பிடியுங்கள். மன்னாரில் நீங்கள் தங்கப்போகும் விடுதியில் கேட்டாலே சொல்வார்கள். பேசும்போது கேட்கவேண்டியவை: வள்ளத்தின் பதிவு இலக்கம், ஓட்டியின் பெயரும் ஐசி இலக்கமும், எத்தனை பேர் ஏறலாம், எத்தனை உயிர்காப்பு அங்கி இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு ‘சமாளிக்கலாம்’ என்று பதில் வந்தால் வேறு வள்ளம் பாருங்கள். பெரியவர்களின் அங்கி சின்னப் பிள்ளையின் கழுத்தால் கழன்றுவிடும்.

கூலியைப் பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள். கூலி ஆளுக்கா, வள்ளத்துக்கா? எண்ணெய்க் காசு அதற்குள் அடங்குமா? அன்றைக்குக் காற்று மறித்தால் என்ன? நாங்கள் பேசியது வள்ளத்துக்கு ஒரு தொகை, கடலில் இறங்காவிட்டால் காசில்லை என்று. சிலர் பாதி கேட்பார்கள். அது அவரவர் பேச்சு, ஆனால் கரையில் நின்றுகொண்டு பேசாதீர்கள், முதலே பேசுங்கள். மண்ணெண்ணெய் விலை ஏறி இறங்குவதால் போன வருடம் போனவர் சொன்ன கூலியைக் கொண்டுபோய் வாதாடுவதிலும் பயனில்லை.

‘அனுமதி எல்லாம் தேவையில்லை, விடியப்புறம் வாங்கோ, நான் கொண்டுபோறன்’ என்று ஒருவர் சொல்லக்கூடும். எனக்கும் ஒருவர் சொன்னார். அந்தப் பக்கத்துக் கடலில் இந்திய எல்லைக் கோடு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் வள்ளக்காரருக்கு வள்ளம் போகும், உங்களுக்கு மன்னார் நீதிமன்றத்தில் தவணை விழும். புதுக்குடியிருப்பிலிருந்து தவணைக்குத் தவணை மன்னாருக்கு ஓடும் வான் கூலியை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

5. அனுமதி ஒன்றல்ல, இரண்டு

பூங்காவுக்குப் பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். கடலுக்குக் காவல் கடற்படை. இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும். முதலில் வனசீவராசிகள், பிறகு கடற்படை. இதை மாற்றிச் செய்தால் நடந்த நடை எல்லாம் வீண். நான் மாற்றித்தான் செய்தேன்.

வனசீவராசிகளுக்குக் கொடுக்கும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். யார் போகிறீர்கள், எதற்கு (பறவைகள் பார்க்க, படம் எடுக்க, மாணவர் கல்விச் சுற்றுலா என்று நேரடியாக), எந்தத் திகதி, மாற்றுத் திகதி, எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வள்ள இலக்கம், ஓட்டியின் விபரம், குழுத் தலைவரின் தொலைபேசி இலக்கம். பெயர்ப்பட்டியலைப் பின்னால் குத்துங்கள். ஆய்வு, காணொளி, விளம்பரப் படப்பிடிப்பு என்றால் அது வேறு வகை விண்ணப்பம், வேறு கட்டணம், கொழும்புத் தலைமையகம் வரை போகும். சும்மா பார்க்கப் போகிறவர் கடிதத்தில் ‘ஆவணப்படம்’ என்று பெரிதாக எழுதித் தலையில் மண்ணை அள்ளிப் போடவேண்டாம்.

எப்போது கொடுப்பது? குறைந்தது பத்து வேலைநாள் முன்பு. பத்து நாள் என்று நான் எண்ணியதில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை), ஒரு பொங்கல், இரண்டு சனி ஞாயிறு விழுந்துவிட்டன. உத்தியோகத்தர்கள் பாதி நாள் வெளிக்களத்தில் இருப்பார்கள். யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று அழைப்பு வந்தால் உங்கள் கடிதம் மேசையில் காத்திருக்கத்தான் செய்யும். நேரே போவதற்கு முன் தொலைபேசி எடுத்து ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வன்னியிலிருந்து போய்த் திரும்ப ஒரு முழு நாள் போகும்.

கையில் கிடைத்த அனுமதியை அங்கேயே வாசியுங்கள். திகதி சரியா, ஆட்கள் எண்ணிக்கை சரியா, வள்ள இலக்கம் சரியா, எந்தத் தீடை வரை போகலாம் என்று எழுதியிருக்கிறதா. என் கடிதத்தில் ஆட்கள் பதினொன்று, அனுமதியில் பத்து. வீட்டுக்கு வந்துதான் கண்டேன். ஒருவரை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், யாரை?

பிறகு அதன் பிரதியோடு கடற்படை. புறப்படும் நாளிலும் கரையில் பதிவு உண்டு: ஆட்களை எண்ணுவார்கள், ஐசி பார்ப்பார்கள், போகும் நேரமும் வரும் நேரமும் எழுதுவார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடத் தொடங்குவார்கள். ஆகவே ‘இன்னும் ஒரு பத்து நிமிஷம்’ என்று ஓட்டியை நெருக்காதீர்கள். முகாம், காவலரண், கடற்படைக் கலம் எதையும் படம் எடுக்கவேண்டாம்.

6. காசு: பலகையில் இருப்பது ஒன்று, கட்டுவது ஒன்று

திணைக்களத்தின் மற்றப் பூங்காக்களில் போலவே உள்நாட்டவர், சார்க் நாட்டவர், வெளிநாட்டவர் என்று கட்டணம் பிரிகிறது. சிறுவர் கட்டணம் வேறு. உள்நாட்டவர் சீட்டு மலிவு, வெளிநாட்டவர் சீட்டு அதைவிடப் பல மடங்கு. தோல் நிறத்தையும் தமிழையும் பார்த்து ஒருவரும் உள்நாட்டுச் சீட்டு கொடுக்கமாட்டார்கள். கனடா, இலண்டன், சுவிஸ் கடவுச்சீட்டு என்றால் அவர் வெளிநாட்டவர். முல்லைத்தீவில் பிறந்தவர் என்று பிறப்புச் சான்றிதழ் நீட்டியும் பயனில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் என்றால் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ காட்டவேண்டும். சித்தப்பா இதில் மிகவும் மனம் நொந்துபோனார். ‘நான் பிறந்த மண்ணில நான் வெளிநாட்டானோ?’ என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் அதைச் சீட்டு வெட்டுகிற பிள்ளையிடம் கேட்டு வரிசையை மறித்துக்கொண்டு நின்றதுதான் சரியில்லை. இந்தியாவிலிருந்து வரும் சொந்தங்களுக்கு சார்க் கட்டணம் உண்டு, கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

சீட்டு விலைக்கு மேல் 18 வீத வற் வரி சேரும். சேவைக் கட்டணமும் சேரலாம். ‘எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?’ என்று கடிதம் கொடுக்கப் போகும் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம், பற்றுச்சீட்டைத் திரும்பி வரும்வரை தொலைக்கவும் வேண்டாம்.

எங்கள் பயணத்தில் மிகப் பெரிய செலவு சீட்டு அல்ல, வான் கூலி. அதற்கு அடுத்தது வள்ளம். ஆகவே மூன்று பேருக்குப் போவதைவிட ஒரு வள்ளம் நிறையும் அளவுக்கு ஆள் சேர்த்துப் போவது கட்டுப்படியாகும். காசைத் தாளாக வைத்திருங்கள். மன்னார் நகரிலேயே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர் அளவு, காசு எடுக்க மறந்துவிட்டுத் திரும்பி ஓடினால் காலைக் கடல் போய்விடும்.

இரவோடிரவாக ஓடிப்போய் விடிய வள்ளம் ஏறுவது புத்தியல்ல. மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் வழியாக மன்னார் வீதியைப் பிடித்தால் புதுக்குடியிருப்பிலிருந்து நான்கு மணித்தியாலம் வேண்டும். முதல் நாள் இரவு மன்னாரில் தங்குங்கள். வவுனியாப் பக்கத்தவர்கள் செட்டிகுளம், முருங்கன் வழி. அவர்களுக்கும் இதே புத்திதான்.

7. முதல் நாள் இரவு: காற்றும் பையும்

வானிலை அறிக்கையில் ‘புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசந்துறை வரையான கடற்பிராந்தியங்கள்’ என்று ஒரு வரி வரும். அதுதான் உங்களுக்குரிய வரி. மழை வருமா என்பதைவிடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் கடைசிச் சொல் ஓட்டியுடையது. எங்கள் இரண்டாவது தடவையில் கரையில் நின்ற வயதான ஒருவர் கடலைப் பார்க்கவே இல்லை, தென்னோலை ஆடுவதைப் பார்த்துவிட்டு ‘இண்டைக்கு இல்லைத் தம்பி’ என்றார். அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். ‘அதைக் காத்துக்குக் காட்டுங்கோ’ என்றுவிட்டு வலையைத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

பையில் என்ன? தீடையில் ஒரு மரம் கிடையாது, ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது, மலசலகூடம் கிடையாது. கடைசி விஷயத்தைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலே சொல்லிவிடுங்கள். தொப்பி, நீளக்கை உடுப்பு, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். தண்ணீரைத் திரும்பப் பாவிக்கும் போத்தலில் கொண்டுபோங்கள். சாப்பாட்டை லஞ்ச் சீற்றில் சுற்றாதீர்கள்; பூங்காக்களுக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள், தீடையில் ஒரு தாள் பறந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கவும் முடியாது, கடலுக்குத்தான் போகும். எவர்சில்வர் பெட்டியில் புட்டும் சம்பலும் போதும். மீன்முள்ளும் சோறும் கொட்டிவிட்டு வரும் சாப்பாடு வேண்டாம், காகத்தைக் கூப்பிடும்.

வள்ளம் கரை தட்டுமுன்னே நிற்கும். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டும். சேலை, நீளக் காற்சட்டை எல்லாம் நனையும். பின்பட்டி உள்ள செருப்புப் போடுங்கள், இறப்பர்ச் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். கைபேசியின் வெளிநாட்டு இணைப்பை நிறுத்திவையுங்கள். தலைமன்னாரிலேயே இந்தியக் கோபுரம் பிடிக்கும், ‘இந்தியாவுக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வரும், பிறகு மாத முடிவில் பில்லும் வரும்.

8. தீடையில் எது ஆகும், எது ஆகாது

ஆகும்: நடக்கலாம், வனசீவராசிகள் உத்தியோகத்தர் காட்டும் பக்கத்தில். பறவை பார்க்கலாம். படம் எடுக்கலாம். இருகண் தொலைநோக்கி கொண்டுபோனால் காசுக்குப் பெறுமதி. கிட்டப் போகாமலே கடற்காகத்தையும் ஆலாவையும் பிரித்தறியலாம். ஆலாவின் வால் கத்தரிக்கோல் மாதிரி, பறக்கும்போதே தெரியும். தண்ணீரில் கால் நனைக்கலாம்.

குளிப்பது வேறு கதை. தீடைக்கும் தீடைக்கும் நடுவே வாய்க்கால் மாதிரி ஓடும் தண்ணீர் பார்க்க இடுப்பளவுதான், இழுவை பொல்லாதது. நீச்சல் தெரிந்தவனையும் எடுத்துக்கொண்டு போகும். ஒரு தீடையிலிருந்து மற்றதுக்கு ‘நடந்தே போய்ப் பார்ப்பம்’ என்று இளையவர்கள் கிளம்புவார்கள், கையைப் பிடித்து நிறுத்துங்கள். கைபேசி வரைபடத்தை நம்பவும் வேண்டாம். ஒவ்வொரு காற்றுக் காலமும் மணலை அள்ளி வேறு இடத்தில் போடுகிறது, போன வருடத்துத் தீடை இந்த வருடம் அதே உருவத்தில் இருக்காது.

ஆகாதவை நீளம். மீன்பிடி, தூண்டில் கூட வேண்டாம். நெருப்பு மூட்டுதல், சமையல், கூடாரம் அடித்து இரவு தங்குதல், மதுபானம், சிகரட், பாட்டுப்பெட்டி, நாய். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். தேசிய பூங்கா ஒரு பக்கம், எல்லைக் கடல் ஒரு பக்கம். சிவில் விமானப் பதிவு இருக்கிறது என்று காட்டினாலும் அது போதாது.

எடுத்துவருதல் என்பதே கிடையாது. சங்கு, சிப்பி, முருகைக்கல் (பவளப்பாறை) துண்டு, இறகு, முட்டை ஒன்றும். செத்த சிப்பிதானே என்று பிள்ளைகள் காற்சட்டைப் பையில் போடுவார்கள், வள்ளம் ஏறுமுன் பைகளைப் பாருங்கள். ஆமை ஒதுங்கிக் கிடந்தாலோ, ஆவுளியா (கடற்பசு) கண்டாலோ தொடாமல் உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். இரண்டும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை, படத்துக்காக ஆமையில் பிள்ளையை இருத்துவது விளையாட்டல்ல.

மணலும் அப்படித்தான். இராமர் நடந்த மண் என்று எங்கள் பெரியம்மா ஒரு செம்பு கொண்டுவந்திருந்தார், சாமியறையில் வைக்க. உத்தியோகத்தர் ‘அம்மா, அது ஏலாது’ என்றார், மரியாதையாகத்தான். கற்பூரமும் கொளுத்த விடவில்லை. பெரியம்மா கும்பிட்டுவிட்டுப் பேசாமல் வள்ளத்தில் ஏறினார். அன்றிரவு மன்னாரில் விடுதிக் கிணற்றடியில் சேலைக் கரையை ஒரு வாளிக்குள் மெல்ல அலசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். சேலையில் ஒட்டின மணலுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் விசாரிக்கவில்லை.

பறவைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விதி ஏன் இவ்வளவு இறுக்கம் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. ஆலா கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டை. இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, காலடியில்தான் தெரியும். மிதிக்காமல் நடந்தாலும் தொல்லைதான். நாங்கள் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும். அது முட்டையில் இருப்பது சூடு கொடுக்க மட்டுமல்ல, நிழல் கொடுக்கவும்தான். மத்தியான மணலில் அது கொஞ்ச நேரம் இல்லாவிட்டாலே முட்டை அவிந்துவிடும். நாங்கள் படம் எடுக்கும் நேரத்தில் அந்தப் பருவமே போய்விடும். பின்னால் காகம் வேறு. ஆகவே முட்டைக் காலம் முடிந்த பிறகு போனாலும், பறவைகள் கூட்டமாக நிற்கும் இடத்தை நோக்கி ஓடி அவற்றை எழுப்பிப் படம் எடுக்காதீர்கள். தொலைதூரம் பறந்து வந்து இளைப்பாறும் பறவைகளும் அதற்குள் நிற்கும். தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டு வட்டமிட்டால் அது உங்களைப் போகச் சொல்கிறது, வந்த வழியே திரும்புங்கள்.

9. கடல் மறித்தால் அன்றைய நாளை எங்கே போடுவது

வான் கூலி கொடுத்து வந்தாயிற்று, வெறுமனே திரும்ப மனம் வராது. தலைமன்னார்க் கிராமத்தைத் தாண்டி முனைக்குப் போனால் தீடைகள் தொடங்கும் பக்கத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பிறகு மன்னார்த் தாம்போதிக்கு (தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் வீதிக்கு) வாருங்கள். இரண்டு பக்கமும் வங்காலைச் சரணாலயத்துச் சேற்றுநிலம். ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2010 முதல் இருக்கிறது. மாசி மாதத்தில் பூநாரைக் கூட்டம் நின்றால் வானை விட்டு இறங்கவே தேவையில்லை, ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். சீட்டு இல்லை, கடிதம் இல்லை. வீதியில் லொறி ஓட்டம் அதிகம், பிள்ளைகளைக் கடல் பக்கத்தில் நிறுத்துங்கள். மன்னாரிலிருந்து மதவாச்சி வீதியால் திரும்புகிறவர்கள் கட்டுக்கரைக்குளத்தின் அணைக்கட்டில் பின்னேரம் ஐந்து மணிக்கு நில்லுங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் பறவைதான் பார்க்கவேண்டும் என்றால் தலைமன்னார் வரை ஓடவே தேவையில்லை, சுண்டிக்குளம் கிட்ட இருக்கிறது. ஆனால் அதுவும் 2015 முதல் தேசிய பூங்கா, முன்பு சரணாலயமாக இருந்தபோது போய்வந்த பழக்கத்தில் மோட்டார் சைக்கிளை உள்ளே விடாதீர்கள். ஐசியை எடுத்துக்கொண்டு முதலில் அங்குள்ள வனசீவராசிகள் உத்தியோகத்தரைப் பாருங்கள்.